ஆரஞ்சுத் தோலும் சூளைத் தூசியும்

என் வீட்டுக்காரரின் அக்கா, நான் அண்ணி என்று கூப்பிடுகிறவர், விருத்தாசலம் ஜங்ஷனுக்கு எதிரே பழரசக் கடை வைத்திருந்தார். கடை என்றால் ஒரு தள்ளுவண்டி, மேலே தார்ப்பாய், மரத்தூள் நிரப்பிய ஐஸ் பெட்டி, கையால் அழுத்திப் பிழிகிற ஓர் இரும்புக் கருவி. அவருடைய கணவர் தொடங்கிய கடை அது. அவர் மஞ்சள் காமாலையில் இறந்துபோனார். காரியம் முடிந்த மறுநாளே அண்ணி வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அதே வேப்பமரத்தடியில் நிறுத்தினார். ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசினார்கள். அண்ணி யாருக்கும் பதில் சொன்னதாக நான் கேள்விப்படவில்லை. எனக்குக் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது, கடை இரண்டு வருஷமாக அவர் கையில் நடந்துகொண்டிருந்தது. அறுபதுகளின் கடைசி அது. அவருக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் எங்களோடு இருந்தார் என்று சொல்வார்கள். உண்மையில் நாங்கள்தான் அவரோடு இருந்தோம், வீட்டை வாடகைக்கு எடுத்தவர் அவர்தான்.

என் வீட்டுக்காரருக்குப் பீங்கான் தொழிற்பேட்டையில் சூளை வேலை. எனக்கும் அதே இடத்தில் வேலை கிடைத்தது. பீங்கான் பொம்மைகளுக்குக் கண்ணும் புருவமும் எழுதுகிற வேலை. பெண்கள் ஏழெட்டுப் பேர் ஒரு நீள மேசையில் உட்கார்ந்து எழுதுவோம்.

அண்ணியின் கடைக்கு வந்த முதல் தொந்தரவு பழத்தோல்தான். வாழைப்பழத் தோலை மாடுகள் தின்றுவிடும். ஆரஞ்சு, சாத்துக்குடித் தோலை மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும். ரயில்வே ஆஸ்பத்திரிக்கும் பெரியாஸ்பத்திரிக்கும் நோயாளிகளைப் பார்க்கப் போகிறவர்கள் மாதுளை ரசம் வாங்குவார்கள், அந்தத் தோலும் சேரும். சாயங்காலத்துக்குள் வண்டிக்குப் பின்னால் ஒரு மேடு எழும்பிவிடும். ஈ மொய்க்கும். கோடைகாலத்தில் ஊரில் வாந்திபேதி வந்தபோது சானிட்டரி இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். அவர் கத்துகிற மனிதர் இல்லை.

"அம்மா, நீங்க ஜூஸு விக்கிறதுல எனக்கு ஒண்ணும் இல்ல. இந்தத் தோலு நாளைக்கும் இங்க கிடந்துச்சுன்னா வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிடுவேன். அப்புறம் எங்கிட்ட வராதீங்க" என்று மட்டும் சொன்னார்.

அவர் சொன்னது நியாயம் என்று அண்ணியே வீட்டில் வந்து சொன்னார். அன்று முதல் தோலைச் சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தார். குப்பை ரோட்டிலிருந்து எங்கள் கொல்லைக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். குழி வெட்டிப் போட்டோம். குழி நிறைந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனார்கள்.

வழி சொன்னவர் மங்கலம்பேட்டையில் நாட்டுமருந்துக் கடை வைத்திருந்த ஒரு பாய். சரக்கு வாங்கத் திருச்சிக்கும் மதராஸுக்கும் ரயில் ஏற ஜங்ஷனுக்கு வருவார். வந்தால் அண்ணி கடையில் சாத்துக்குடி ரசம் குடிக்காமல் போகமாட்டார். ஒருநாள் சாக்குக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "வயித்துக் கடுப்புக்கு மாதுளந்தோலு கேட்டு ஜனங்க வராங்க. நான் அதை வெளியூர்லேர்ந்து தருவிக்கிறேன். நீங்க இங்க குழி வெட்டிப் பொதைக்கிறீங்களாம்" என்று சிரித்தாராம். நன்றாகக் காயவைத்துக் கொடுத்தால் தானே எடுத்துக்கொள்வதாகவும், ஆரஞ்சுத் தோலைக் குளியல் பொடிக்குச் சேர்க்கலாம் என்றும் சொல்லிவிட்டு ரயிலுக்குப் போய்விட்டார்.

அப்படித்தான் தொடங்கியது. மாடியில் பழைய பாய்களை விரித்துத் தோலைக் காயவைத்தோம். மாதுளந்தோல் கருத்து, கட்டையாகி, ஒன்றோடொன்று மோதினால் ஓடு மாதிரி சத்தம் வரும். அதை அப்படியே பாய் வாங்கிக்கொண்டார். ஆரஞ்சுத் தோலை நொறுங்கும் பதத்துக்குக் காயவைத்துப் பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு சேர்த்து அரைக்க வேண்டும். மாவு மிஷின்காரர் முடியாது என்று சொல்லிவிட்டார். அடுத்து அரைக்கிறவர்களின் கோதுமை மாவு மணக்கும், சண்டைக்கு வருவார்கள் என்றார். சீயக்காய் அரைக்கிற மிஷின் ஒன்று கடைத்தெருவில் இருந்தது. அங்கே அரைத்தோம்.

பொடி நன்றாகவே போனது. அண்ணிக்கு விற்கத் தெரியும். ரசம் குடிக்க வந்த பெண்களின் உள்ளங்கையில் ஒரு சிட்டிகை வைத்து மோந்து பார்க்கச் சொல்வார். நான் வேலை செய்த இடத்திலும் வாங்கினார்கள். இரண்டு மளிகைக் கடையில் வைத்துக்கொண்டார்கள். கொல்லைக் குழியை மூடி அதன்மேல் கீரை விதைத்தோம். சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஒரு நாள் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, அவரும் வீட்டுக்கு ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு போனார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. காயாத தோலில் பச்சையாகப் பூசணம் பூத்தது. ஆரஞ்சு வரத்து தொடங்குகிற சமயம் அது, தோல் கிடைக்கிற காலத்தில் வெயில் இல்லை. என் வீட்டுக்காரர்தான் சூளையின் மேல்தளத்தைச் சொன்னார். சூளை எரிந்து முடிந்து ஆறுகிற நாட்களில் அந்தச் செங்கல் தளம் இதமாகச் சூடாக இருக்கும். வேலைக்கு வருகிறவர்கள் நனைந்த துணியை அங்கேதான் உலர்த்துவார்கள். முதலாளியிடம் கேட்டோம். அவர் சேலத்துப் பக்கத்துக்காரர், பீங்கான் தொழிலைப் படித்துவிட்டு வந்தவர், எங்களை வாங்க போங்க என்றுதான் பேசுவார். தாராளமாகக் காயவையுங்கள், நெருப்பு வாய்ப் பக்கம் மட்டும் கொண்டுபோகாதீர்கள் என்றார். ஒரே நாளில் தோல் மொறுமொறுவென்று காய்ந்தது. சூளைக் கொட்டகை முழுவதும் ஆரஞ்சு மணம். அந்தக் கார்த்திகையில் எங்களுக்கு இருந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

மார்கழி தொடக்கத்தில் ஒரு மத்தியானம், ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்த டிக்கெட் கலெக்டரின் மனைவி அண்ணியின் வண்டி முன்னால் வந்து நின்றார். அவர்கள் மகளுக்குத் திட்டக்குடியில் மாப்பிள்ளை பார்த்து, தை மாதம் கல்யாணம் என்று நிச்சயமாகியிருந்தது. அந்த அம்மாள் சண்டை போடவில்லை. பாதி காலியான பொட்டலத்தை வண்டிப் பலகையில் வைத்தார்.

"இதப் பூசுனதுக்கப்புறந்தான் இப்படி ஆயிடுச்சுங்க. நீங்களே வந்து பாருங்க" என்றார்.

அண்ணி பழத்தை மூடிவைத்துவிட்டு அப்படியே அவர் பின்னால் போனார். சாயங்காலம் வேலை விட்டு வந்த என்னையும் அழைத்துக்கொண்டு மறுபடி போனார். அந்தப் பெண் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கன்னம் இரண்டும் கழுத்தும் சிவந்து தடித்து, அங்கங்கே தோல் உரிந்திருந்தது. கண் இமை வீங்கிப் பாதிதான் திறந்தது. கல்யாணத்துக்குள் முகம் பளிச்சென்று ஆகட்டும் என்று தினம் இரண்டு வேளை பூசியிருக்கிறாள். எரிச்சல் வந்தபோதும், பொடி வேலை செய்கிறது என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்த்திருக்கிறாள். பெரியாஸ்பத்திரி டாக்டர் பூசுகிற மருந்து கொடுத்துவிட்டு, அந்தப் பொடியில் என்னென்ன சேர்த்தார்கள், எங்கே வைத்துச் செய்தார்கள் என்று விசாரிக்கச் சொல்லியிருந்தார். ஆரஞ்சுத் தோல் மட்டும் இப்படிச் செய்திருக்காது, வேறு ஏதோ கலந்திருக்கிறது என்பது அவர் எண்ணம்.

அண்ணி அவள் பக்கத்தில் போய்க் குனிந்து கன்னத்தைப் பார்த்தார். அவளே, "எனக்கு ஒண்ணுமில்லீங்க, காஞ்சிகிட்டுத்தான் வருது" என்று சொன்னாள். அந்தக் குரல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. கல்யாணப் பெண் எங்களுக்குத் தைரியம் சொல்கிற நிலைமையாகிவிட்டது.

மறுநாள் காலையில் அண்ணி தொழிற்பேட்டைக்கு வந்தார். அவர் அங்கே வந்தது அதுதான் முதல் தடவை. என் வீட்டுக்காரர் சூளை மேலிருந்து ஒரு கை காய்ந்த தோலை எடுத்துவந்து கொடுத்தார். அண்ணி அதை ஒரு கண்ணாடித் தம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றிக் கலக்கி மேசைமேல் வைத்தார். கொஞ்ச நேரத்தில் தோல் மேலே மிதந்தது. அடியில் பால் மாதிரி ஒரு வெள்ளைப் படிவு இறங்கியது.

முதலாளி வந்தார். தண்ணீரைச் சாய்த்துவிட்டு அந்தப் படிவை விரல்களுக்கு நடுவே தேய்த்துப் பார்த்தார். "இது கிளேஸ்" என்றார்.

பீங்கானுக்குப் பளபளப்புக் கொடுக்கிற பூச்சுக்கு அங்கே அந்தப் பெயர்தான். அந்தப் பூச்சைத் தெளிக்கிற அறை சூளைக் கொட்டகையை ஒட்டியிருந்தது. வெயில் காலத்தில் அதன் ஜன்னல்கள் தோட்டத்துப் பக்கம் திறந்திருக்கும். மழைக்காக அவற்றைச் சாத்திவிட்டுச் சூளைப் பக்கத்துக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். பறந்த தூசி முழுவதும் தளத்தில் விரித்திருந்த தோலின்மேல் படிந்திருக்கிறது. எங்கள் தலைமுடியிலும் புடவையிலும் எப்போதும் படிகிற தூசிதான் அது. அதைத் தூசி என்று யாரும் தனியாக நினைத்ததில்லை.

அதில் என்ன இருக்கிறது என்று அண்ணி கேட்டார். முதலாளி மறைக்கவில்லை. சோடா இருக்கிறது, போராக்ஸ் இருக்கிறது, சிலவற்றில் ஈயம் இருக்கிறது, உடம்பில் பூசுகிற சாமானே இல்லை, வயிற்றுக்குள் போனால் இன்னும் கெடுதல் என்றார். இடம் கொடுக்கும்போது தனக்கு இது தோன்றியிருக்க வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார்.

"நீங்க இடம்தான் குடுத்தீங்க. அரைச்சு வித்தது நானுங்க" என்றார் அண்ணி.

வயிற்றுக்குள் போனால் என்ற வார்த்தை அண்ணிக்கு வேறொன்றை நினைவுபடுத்தியது. அந்த மழைக்காலத்தில் மாதுளந்தோலையும் அங்கேதான் காயவைத்தோம். அதைப் பாய் வாங்கிக்கொண்டு போயிருந்தார். பேதிக்குக் கஷாயம் வைத்துக் குடிக்கிற பொருள். அண்ணி அங்கிருந்து நேராகப் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி மங்கலம்பேட்டை பஸ்ஸைப் பிடித்தார். நல்லவேளையாக, கோடையில் வாங்கிய பழைய தோல்தான் கடையில் விற்றுக்கொண்டிருந்தது. புது மூட்டை கட்டவிழ்க்காமல் உள்ளே கிடந்தது. அண்ணி சொன்னதை முழுவதும் கேட்டுவிட்டு, பாய் எழுந்துபோய்த் தொழுகைக்குக் கழுவுகிற தொட்டியடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாராம். பிறகு அவரே மூட்டையைத் தூக்கி வெளியே வைத்தாராம்.

அடுத்த இரண்டு மூன்று நாட்கள் அண்ணியும் நானும் வீடு வீடாக, கடை கடையாகப் போய்ப் பொட்டலங்களைத் திரும்ப வாங்கினோம். ஒரு மளிகைக் கடைக்காரர் கொடுக்க மறுத்தார். தன்னிடம் யாரும் குறை சொல்லவில்லை, நன்றாக விற்கிற சரக்கை எதற்காகத் திருப்ப வேண்டும் என்றார். அவரிடம் விவரம் சொல்லிப் பிரயோஜனம் இல்லை என்று தெரிந்ததும், அண்ணி இருந்த பொட்டலம் அத்தனையையும் வாடிக்கையாளர் மாதிரி விலை கொடுத்து வாங்கினார். எல்லாவற்றையும் உடைந்த பீங்கான் கொட்டுகிற பள்ளத்தில் போட்டு மூடினோம்.

இதோடு முடியவில்லை. திட்டக்குடிக்குச் செய்தி போயிருந்தது. யார் கொண்டுபோனார்களோ, பெண்ணுக்குத் தோல் வியாதி என்று போயிருந்தது. கல்யாணத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளை வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். எந்த மாதத்துக்கு என்று சொல்லவில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லாருக்கும் தெரியும். டிக்கெட் கலெக்டர் ஜங்ஷனிலிருந்து வீட்டுக்குப் போகும்போது அண்ணியின் வண்டிப் பக்கம் பார்க்காமல் போனார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அண்ணி என்னைப் புடவை மாற்றிக்கொள்ளச் சொன்னார். எங்கே என்று கேட்டேன். திட்டக்குடிக்கு என்றார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவர் இடது கையைக் கவனித்தேன். அந்த வெயிலில் முந்தானையால் முழங்கை வரை போர்த்தியிருந்தார். கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார்.

மாப்பிள்ளை வீடு நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற குடியானவர் வீடு. வாசலில் மல்லாட்டை காய்ந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா எங்களைப் பெண் வீட்டுக்கு உறவு என்று நினைத்துக்கொண்டார். அண்ணி முதலிலேயே, தான் உறவு இல்லை, ஜங்ஷனில் ஜூஸ் விற்கிறவள், பொடி விற்றவளும் தானே என்று சொல்லிவிட்டார். பிறகு தோலைக் காயவைத்த இடம், படிந்த தூசி, டாக்டர் சொன்னது, முதலாளி சொன்னது எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னார். அந்த அம்மாள் குறுக்கே பேசாமல் கேட்டார். முடிந்ததும், வியாபாரம் செய்கிறவர்கள் எதைத்தான் சொல்லமாட்டார்கள், பெண் வீட்டுக்காரர்கள் சொல்லச் சொல்லி அனுப்பினார்களா என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அண்ணி முந்தானையை விலக்கிக் கையை நீட்டினார். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவந்து தடித்து, அந்தப் பெண்ணின் கன்னம் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது. எல்லாப் பொட்டலங்களையும் புதைத்தபோது ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, தினம் இரண்டு வேளை தன் கையில் தேய்த்திருக்கிறார். ஒரே வீட்டில் இருந்த எனக்கே தெரியாது.

"அந்தப் பொடியில மிச்சம் வச்சு நான் பூசிப் பாத்தேனுங்க. எனக்கும் வந்துடுச்சு. இது வியாதின்னா எனக்கும் வியாதிதான்" என்றார் அண்ணி.

அந்த அம்மாள் எழுந்து பக்கத்தில் வந்து அண்ணியின் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா, ஒங்க யாவாரத்த நீங்களே கெடுத்துக்கிட்டு வந்து நிக்கிறீங்களே" என்றார்.

"கெட்டுப்போனது பொடிதானுங்க. பொண்ணு இல்ல."

கொல்லையிலிருந்து மாப்பிள்ளைப் பையன் உள்ளே வந்தார். தடுப்புக்கு அந்தப் பக்கம் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் போலிருக்கிறது. எங்களுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, "இப்ப அவங்களுக்கு எரிச்சல் இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டார். குறைந்துவிட்டது, இமை வீக்கம் வடிந்துவிட்டது, கன்னத்தில் கொஞ்சம் கருப்பு இருக்கிறது என்று நான் சொன்னேன். தலையை ஆட்டிவிட்டுப் போனார். அந்த ஒரு கேள்வியில் எனக்குப் பாதி பயம் போய்விட்டது. சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்று அந்த அம்மாள் எங்களை உட்காரவைத்துவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணி தூங்கிவிட்டார். கை என் மடியில் கிடந்தது.

கல்யாணம் பங்குனியில் நடந்தது. பத்திரிகையை டிக்கெட் கலெக்டரே வண்டிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். கொடுத்துவிட்டு, ஒரு சாத்துக்குடி ரசம் போடச் சொல்லி அங்கேயே நின்று குடித்தார்.

ஆனால் அண்ணி மறுபடி பொடி அரைக்கவில்லை. யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லிவிட்டார். கொல்லையில் கீரையைப் பிடுங்கிவிட்டுத் திரும்பவும் குழி வெட்டினோம்.

அந்தச் சித்திரையில் நான் முழுகாமல் இருந்தேன். எனக்கு வாந்தி காலையில் வருவதில்லை, வேலைக்குப் போய் உட்கார்ந்ததும் வரும். பொம்மைக்கு எழுதுகிற வர்ணத்தை டர்பன்டைனில் குழைத்துத்தான் தீட்ட வேண்டும். தூரிகை கழுவுவதும் அதில்தான். அந்த வாடை அதற்குமுன் எனக்குத் தலைவலியோடு போய்விடும். இப்போது குடலைப் புரட்டியது. மேசையை விட்டு எழுந்து ஓடுவதும் திரும்ப வருவதுமாக இருந்தேன். வேலையை விட்டுவிடச் சொன்னார் என் வீட்டுக்காரர். எனக்கு விட மனமில்லை.

ஒரு சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்து, விரலெல்லாம் நீல வர்ணத்தோடு சோறு போட்டுக்கொள்ள உட்கார்ந்தேன். சோப்புக்குப் போகாத வர்ணம் அது. அண்ணி கடையில் மிஞ்சிய ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தார். கையை நீட்டு என்று சொல்லி, தோலை மடித்து என் விரல்மேல் பிழிந்து அந்தத் தோலாலேயே தேய்த்தார். எதற்காக அப்படிச் செய்தார் என்று பின்னால் கேட்டபோது, பிசுபிசுப்பு போகட்டும் என்று செய்ததாகத்தான் சொன்னார். நீலம் கரைந்து தோலோடு வந்துவிட்டது. அண்ணி அடுத்த விரலையும் தேய்த்துப் பார்த்தார்.

மறுநாள் ஒரு பை நிறையப் புதுத் தோலை வேலைக்கு எடுத்துக்கொண்டு போனேன். எல்லாரும் அதில்தான் கை கழுவினார்கள். பிறகு எனக்கு ஓர் ஆசை வந்தது. ஒரு கண்ணாடித் துண்டின்மேல் தோலைப் பிழிந்து பிழிந்து, தோலின் எண்ணெயைச் சில சொட்டு சேர்த்தெடுத்து, அதில் வர்ணத்தைக் குழைத்து உடைந்த பொம்மை ஒன்றுக்குப் புருவம் எழுதினேன். தூரிகை வழுக்கிக்கொண்டு நன்றாகப் போனது. முதலாளியிடம் காட்டினேன். வெளிநாட்டில் கிராம்பு எண்ணெய், பூ எண்ணெயெல்லாம் இதற்குப் போடுவார்கள் என்று படித்திருப்பதாகச் சொன்னார். தோலைப் பிழிந்தால் அழுக்கும் தண்ணீரும் சேர்ந்து வரும், வடித்து எடுத்த சுத்தமான எண்ணெயாக இருந்தால் பார்க்கலாம் என்றார்.

வடிப்பதற்கு வாலை வேண்டும். மங்கலம்பேட்டை பாயிடம் ஓமத் தண்ணீர் இறக்குகிற செம்பு வாலை இருந்தது. அடியில் கொதிக்கிற பாத்திரம், மேலே மூடி, மூடியிலிருந்து நீண்டு குளிர்ந்த தண்ணீர்த் தொட்டி வழியாக வெளியே வருகிற குழாய். மூட்டை விஷயத்துக்குப் பிறகு அண்ணி அவரைப் பார்க்கவே கூசிக்கொண்டிருந்தார். அவர் பழசை எதையும் பேசாமல் வெள்ளிக்கிழமை தவிர எந்த நாளும் வரலாம் என்று சொல்லிவிட்டார்.

முதல் தடவை தோல் அடியில் பிடித்துத் தீய்ந்துவிட்டது. வந்த தண்ணீரில் கருகிய வாடை. இரண்டாம் தடவை தோலைச் சின்னதாக நறுக்கி, தண்ணீர் தாராளமாக விட்டு, தீயைக் குறைத்து எரித்தோம். குழாய் முனையில் வைத்த பாட்டிலில் தண்ணீர் சொட்டியது. அதன்மேல் மெல்லிசாக, கண்ணாடி மாதிரி ஒரு படலம் மிதந்தது. பாய் ஓர் இறகால் அதை ஒதுக்கி வேறு புட்டியில் இறக்கினார். ஒரு சாக்குத் தோலுக்கு ஒரு சின்ன மருந்துப் புட்டியும் நிறையவில்லை. ஆனால் மூடியைத் திறந்தால் அறை முழுக்க ஆரஞ்சு.

அதைக் கொண்டு எழுதிய முதல் தட்டில் இருந்த பொம்மைகள் வீணாகப் போயின. அந்த எண்ணெய் சீக்கிரம் உலரவில்லை. சூளைக்கு எடுத்துப் போவதற்குள் புருவமெல்லாம் வழிந்து, பொம்மைகள் மை அப்பிக்கொண்டு அழுத மாதிரி ஆகிவிட்டன. மேசையில் இருந்த பெண்கள் சிரித்துச் சிரித்து ஓய்ந்தார்கள். முதலாளி சிரிக்கவில்லை. கொஞ்சம் டர்பன்டைன் கலந்து பார்க்கச் சொன்னார், பிறகு அளவை மாற்றி இன்னொரு தடவை. கடைசியில் பாதிக்கும் மேல் எங்கள் எண்ணெய், மீதி டர்பன்டைன் என்று நின்றது. கோடு நின்றது, உலர்ந்தது, சூளையில் வெந்து வந்த பிறகு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. தூரிகை கழுவ டர்பன்டைனே வேண்டியிருக்கவில்லை. எழுதுகிற அறையின் வாடை மாறிவிட்டது. பக்கத்து அறைக்காரர்கள் வந்து ஒரு தடவை மூச்சை இழுத்துவிட்டுப் போவார்கள். எனக்கு வாந்தி நின்றது. பிரசவம் வரை வேலை செய்தேன். ஒன்றே ஒன்று, அதற்கப்புறம் ரொம்ப நாளைக்கு என்னால் ஆரஞ்சுப் பழம் சாப்பிட முடியவில்லை.

முதலாளி மாதாமாதம் எண்ணெய் வாங்கினார். தொழிற்பேட்டையில் பொம்மை செய்த இன்னும் சிலர் கேட்டு வந்தார்கள். பாயின் வாலை போதாமல், அண்ணி பண்ருட்டியில் ஒரு பாத்திரக்காரரிடம் சொல்லிப் பெரிதாக ஒன்று செய்துகொண்டார். வடித்து முடித்த தோலை வாழைத் தோட்டக்காரர்கள் உரத்துக்கு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

குளியல் பொடியை அண்ணி திரும்பத் தொடங்கியது மகள் பிறந்து, அவளை எப்போது பள்ளியில் சேர்ப்பது என்று நான் கணக்குப் போடுகிற சமயத்தில். அதற்கும் ஒரு சூடான இடம் வேண்டியிருந்தது. மாதா கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம் ரொட்டிக் கடை வைத்திருந்தது. விடியற்காலையில் ரொட்டி வேகவைத்த பிறகு அடுப்பு மத்தியானம் வரை சூடாகக் கிடக்கும். தின்கிற பண்டம் வேகிற இடம், வேறு எதுவும் பறக்காது. அண்ணி போய் அடுப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, கூரையில் என்ன இருக்கிறது, பக்கத்து அறையில் என்ன வைத்திருக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறார். ரொட்டிக்காரர் மனைவி, வூட்டுக்குப் பொண்ணு கேக்க வந்த மாதிரி விசாரிக்கிறீங்களே என்றாராம். தட்டுத் தட்டாகத் தோலைக் காயவைத்தார்கள். அந்தக் கடை பன்னில் லேசாக ஆரஞ்சு மணம் ஏறியது. வாங்குகிறவர்கள் புதுசாக என்ன சேர்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். பன் வியாபாரம் கூடியதே தவிரக் குறையவில்லை.

அரைத்த பொடியை அண்ணி முதலில் தன் கையிலும் பிறகு என் கையிலும் பூசிப் பார்த்தார். பெரியாஸ்பத்திரி டாக்டரிடம் ஒரு பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, என்னென்ன சேர்த்தது, எங்கே காய்ந்தது என்று தானாகவே எல்லாவற்றையும் சொல்லிவிட்டு வந்தார். அதன் பிறகும் ஒரு மாதம் விற்கவில்லை. விற்க ஆரம்பித்தபோது முதலில் கேட்டு வாங்கியவர்கள் ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண்கள்தான்.

எழுபதுகளில் ஜங்ஷன் ரோட்டை அகலப்படுத்தியபோது வேப்பமரம் போயிற்று, வண்டிக்கு இடம் இல்லாமல் போயிற்று. அண்ணி வேறு இடம் தேடவில்லை. ரொட்டிக் கடைக்குப் பின்னால் ஒரு கொட்டகை எடுத்துக்கொண்டு, மற்றக் கடைக்காரர்களிடமிருந்து தோல் வாங்கத் தொடங்கினார். ஆரம்பத்தில் கொண்டுபோனால் போதும் என்று சும்மா கொடுத்தார்கள். பிறகு ஒரு ஜூஸ் கடைக்காரர் விலை கேட்டார். அண்ணி கொஞ்சமும் யோசிக்காமல் கொடுத்தார். எச்சில் துப்பாமல், பீடித்துண்டு போடாமல் தனிக் கூடையில் சேர்த்து வைக்க வேண்டும் என்று மட்டும் அவரிடம் கண்டிப்பாகச் சொன்னார்.

இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு நானும் பொம்மை வேலையை விட்டுவிட்டு அந்தக் கொட்டகைக்கே வந்துவிட்டேன். பொம்மைக்கு ஒட்டுகிற அச்சுத் தாள்கள் பம்பாயிலிருந்து வரத் தொடங்கியிருந்தன. கையால் எழுதுவது குறைந்தது, எண்ணெய் வாங்குவதும் குறைந்தது. மிஞ்சிய எண்ணெயைப் பாய் மேல்வலிக்குத் தேய்க்கிற தைலத்தில் சேர்த்து விற்றார். ஆரஞ்சு கிடைக்காத மாதங்களில் சர்பத் கடைக்காரர்களிடம் எலுமிச்சைத் தோல் வாங்கி வடித்துப் பார்த்தோம். அது எண்ணெய் குறைவாகக் கொடுத்தது, ஆனால் பாத்திரம் தேய்க்கிற பொடி செய்கிற ஒருவர் சேத்தியாத்தோப்பிலிருந்து வந்து, வடித்த தோலையும் சேர்த்துக் கேட்டார். அண்ணி அவரை உட்காரவைத்து, அந்தப் பொடியில் வேறு என்னென்ன போடுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் டீ வாங்கி வரப் போனேன்.